எழுத்துப்பிழையோடு வந்த புயல்

எங்கள் வீட்டில் ‘தானே’ என்ற சொல்லை ஜாக்கிரதையாகத்தான் பயன்படுத்த வேண்டும். “சோறு வெந்துடுச்சி தானே?” என்று யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். “தானே வந்தப்ப...” என்று ஆரம்பித்தால், சோறு குழைந்து கஞ்சியாகும்வரை ஓயமாட்டார்.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. மணிக்கு 140 கிலோமீட்டர் காற்று. ஊருக்கு நிழல் தந்துகொண்டிருந்த மரங்களெல்லாம் ஒரே காலையில் தெருவில் படுத்துவிட்டன. எதிர்வீட்டு முருங்கை எங்கள் மொட்டைமாடிக்குக் குடிவந்தது. எங்கள் மொட்டைமாடித் தகரக் கொட்டகை யார் வீட்டுக்குக் குடிபோனது என்று இன்றுவரை தகவல் இல்லை. புத்தாண்டுக்கு ஆடிப்பாட வந்திருந்த வெளியூர்க்காரர்கள் ஓட்டல் அறையில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு புது வருஷத்தை வரவேற்றார்கள். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர ஒன்பது நாளாயிற்று.

அன்றிலிருந்து அம்மாவுக்கு தானே ஒரு படி, ஒரு மரக்கால். மற்ற புயல்களை அதில்தான் அளப்பார். 2020 நவம்பரில் நிவர் நள்ளிரவில் மரக்காணம் பக்கம் கரையேறியது. கரோனாவுக்கும் பயந்து காற்றுக்கும் பயந்து ஊரே சுருண்டு கிடந்தபோது, அம்மா ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து பார்த்துவிட்டு “அரைத் தானே” என்று சொல்லிப் படுத்துவிட்டார். 2022-இல் மாண்டஸ் மாமல்லபுரத்துப் பக்கம் போனது. “வீசம்கூட இல்ல.” இப்படி இருந்தால் ஒரு குடும்பம் ஒரு புயலுக்கு நிம்மதியாகப் பயப்படுவது எப்படி?

இந்த நிலைமையில்தான் 2024 நவம்பர் கடைசி வாரம் வந்தது.

முதலில் அது வரவே இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். 26-ஆம் தேதி ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்றார்கள். நாளைக்குப் புயலாகிவிடும் என்றார்கள். ஆகவில்லை. மறுநாள் ஆகும் என்றார்கள். அன்றும் ஆகவில்லை. அப்புறம், புயலாகாமல் தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடந்தாலும் கடக்கலாம் என்றார்கள். பெண் பார்க்க வருகிறேன் என்று சொல்லிவிட்டு, நாள் சரியில்லை, மாமா ஊரில் இல்லை என்று தள்ளிப்போடும் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி அது கடலிலேயே நின்றுகொண்டிருந்தது. ஐந்தாவது படிக்கும் என் மகன்தான் பாவம். தினம் ராத்திரி, லீவு விடுவார்களா மாட்டார்களா என்று யூடியூப் வெதர்மேன்களை ஒவ்வொருவராகப் போட்டுப் பார்த்து, எவர் நாளைக்கு மழை அதிகம் என்கிறாரோ அவர்தான் அறிவாளி என்று முடிவு செய்துவிட்டுத் தூங்குவான்.

ஒருவழியாக 29-ஆம் தேதி வெள்ளிக்கிழமை மத்தியானம் புயலாகிவிட்டது என்று அறிவிப்பு வந்தது. பெயர் சவுதி அரேபியா வைத்தது. இங்கேதான் எங்கள் வீட்டில் முதல் மின்னல் வெட்டியது. ஒரு சேனல் ஃபெங்கல் என்றது. இன்னொன்று ஃபெஞ்சல் என்றது. பேப்பரில் பெஞ்சல் என்று போட்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் எழுதுவது ஒன்று, உச்சரிப்பது வேறு என்றாள் கல்லூரிக்குப் போகும் மகள். “எழுதினபடி படிக்கத்தான் மிஸ் சொல்லியிருக்காங்க” என்றான் பையன். அம்மா ஒரே வரியில் வழக்கை முடித்தார்: “பேரே பெஞ்சலு. பெஞ்சிட்டுத்தான் போவும்.”

அந்த வாரம் முழுக்க நூறு பேர் வானிலை சொன்னதில் சரியாகப் பலித்தது இது ஒன்றுதான்.

“நம்ம பேரு ஒண்ணுகூட கிடையாதா இந்தப் புயலுங்களுக்கு?” என்று அம்மா கேட்டதற்குப் பேரன் செல்லைப் பார்த்துப் பதில் சொன்னான். பதின்மூன்று நாடுகள் ஆளுக்குப் பதின்மூன்றாக மொத்தம் 169 பெயர் 2020-இல் கொடுத்திருக்கின்றனவாம். இந்தியா கொடுத்ததில் முரசு இருக்கிறது, நீர் இருக்கிறது. இதற்கு அடுத்தது இலங்கை கொடுத்த சக்தி. “அம்மன் பேரா?” அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். “அது வந்தா மாரியாத்தா மாதிரி கட்டுப்பாடா வரும். இதுதான் பேரு விளங்காதது. எங்க போய் நிக்குமோ.”

நாங்கள் இருப்பது புதுச்சேரி ரெயின்போ நகரில். வானவில் வேண்டுமென்றால் முதலில் மழை வேண்டும் என்ற தத்துவத்தை ஒவ்வோர் ஐப்பசியிலும் தண்ணீரில் நின்று கற்கிற நகர் அது. தூறல் போட்டால் தெரு நனையும், மழை பெய்தால் தெரு மிதக்கும். இருந்தும் எங்களுக்கு ஒரு பெருமை உண்டு. கடல் எங்கேயோ இருக்கிறது, நாம் எங்கேயோ இருக்கிறோம் என்ற பெருமை.

அந்தப் பெருமையில்தான் மாமனாரைக் காப்பாற்றக் கிளம்பினோம்.

மாமனாருக்கு 80 வயது. குருசுக்குப்பத்தில் தனியாக இருக்கிறார். கடலுக்கும் அவர் வாசலுக்கும் நடுவே நாலு வீடு, ஒரு சாலை, கொஞ்சம் பாறாங்கல். அவ்வளவுதான். அவர் சொல்தா. வெளியூர்க்காரர்களுக்காக: பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். 1954-இல் பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டினான். 1962-இல் ஒப்பந்தம் அமலுக்கு வந்து, எந்தக் குடியுரிமை வேண்டும் என்று கேட்டபோது, மாமனாரின் அப்பா பிரெஞ்சு என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். பையன் பட்டாளத்துக்குப் போனார். ஜூலை 14-க்கும் நவம்பர் 11-க்கும் கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்துக்கு மெடல்கள் குலுங்கப் போய் நிற்பார். எந்தப் போரில் என்ன செய்தார் என்று கல்யாணமான புதிதில் மரியாதையோடு கேட்டேன். “ரெஜிமென்ட் முழுசும் என்னை நம்பித்தான் இருந்துச்சி, மாப்பிள்ளை” என்றார். சமையல் பிரிவில் இருந்தார் என்பது பின்னால் தெரிந்தது. சொன்னதில் பொய்யில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனபோது வரமாட்டேன் என்றார். மனைவி அழுதாள். அதற்கும் மசியவில்லை. “அப்பா, அங்க நீங்கதான் பொறுப்பா இருந்து பாத்துக்கணும், இவருக்கு ஒண்ணும் தெரியாது” என்றாள். உடனே பெட்டியை எடுத்துவிட்டார். என் இல்லற வாழ்வில் பல முடிவுகள் இந்த வாக்கியத்தால்தான் எட்டப்பட்டிருக்கின்றன.

வழியில் சாமான் வாங்கினோம். பான்லே பூத்தில் பால் பாக்கெட்டுக்கு வரிசை. பேக்கரியில் ரொட்டிக்கு வரிசை. மெழுகுவர்த்திக்கு வரிசை. இவை எல்லாவற்றையும்விட நீளமான, எல்லாவற்றையும்விட ஒழுங்கான வரிசை எந்தக் கடை முன்னால் நின்றது என்று புதுச்சேரி தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வரிசையில் மட்டும் யாரும் புயல் எப்போது கரையைக் கடக்கும் என்று கேட்டுக்கொள்ளவில்லை. கடை எப்போது மூடும் என்பதே பேச்சு.

வண்டியிலேயே மாமனார் என் மகனுக்குப் புயல் கூண்டுப் பாடம் எடுத்தார். இந்தத் துறைமுகக் கூண்டு விஷயம் எனக்குச் சின்ன வயதிலிருந்து பிடிக்கும். ‘மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது’ என்று ரேடியோவில் வந்தால் உள்ளே புலியோ என்னவோ இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். கம்பத்தில் பகலில் கூம்பும் உருளையுமாகத் தொங்கவிடுவார்கள், இரவில் சிவப்பு வெள்ளை விளக்கு. ஒன்றும் இரண்டும் தொலைவில் எங்கேயோ. மூன்றும் நாலும் உள்ளூருக்கு. எட்டு என்றால் பெரும் புயல் துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுப் போகும், ஒன்பது என்றால் வலப்பக்கம் விட்டு, பத்து என்றால் தலைமேலேயே. “அதோட முடிஞ்சுதா தாத்தா?” “இன்னொண்ணு இருக்குது, பதினொண்ணு. வானிலை ஆபீசோட தொடர்பே அறுந்துபோச்சின்னா அதை ஏத்துவாங்க. பேச்சுவார்த்தை கிடையாது, அவனவன் பாத்துக்க வேண்டியதுதான்.”

பின்சீட்டில் அம்மாவும், மாமனார் சாமானோடு மனைவியும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். அடுப்படியை யார் பார்ப்பது என்று அதற்குள் ஒரு சின்னப் பேச்சு நடந்து முடிந்திருந்தது. வீடு சேரும்வரை இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் காரில் பதினோராம் நம்பர் ஏற்றியாகிவிட்டது.

சனிக்கிழமை, நவம்பர் 30. காலையிலிருந்தே மழை. டேங்க் ரொப்பினோம். செல்போன்களையெல்லாம் சார்ஜில் போட்டோம். அண்டா, குண்டான், குழந்தை காலத்து பிளாஸ்டிக் தொட்டி எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்தோம். அடுத்த நாள் இந்தப் பாத்திரங்களுக்கு உள்ளேயும் வெளியேயும் தண்ணீர்தான் என்று ஆகப்போவது அப்போது தெரியாது. மெட்ராஸிலிருந்து மனைவியின் அக்கா போன் செய்தார். புயல் அங்கேதான் வருகிறது என்று அவர்கள் முடிவு செய்திருந்தார்கள். வேளச்சேரிக்காரர்கள் காரையெல்லாம் மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்களாம். ஏர்போர்ட்டையும் மூடியாகிவிட்டது. “நீங்க பத்திரம்தானே?” என்றார். அந்தக் கடைசிச் சொல் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டது. “தானே வந்தப்ப...” என்று அம்மா உள்ளேயிருந்து ஆரம்பித்தார்.

மத்தியானம் கரண்ட் போனது. சாயங்காலம் கரையேற ஆரம்பித்துவிட்டது என்றார்கள். ராத்திரி பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் நடுவே புயல் எங்கள் ஊரை ஒட்டிக் கரையைக் கடந்தது. காற்று 70, 80 கிலோமீட்டர், இடையிடையே 90. ஜன்னல்கள் பல்லைக் கடித்தன. அம்மா கட்டிலில் சாய்ந்தபடி காதைக் கொடுத்துக் கேட்டார். தங்கத்தை உரைத்துப் பார்க்கும் ஆசாரி முகம். “அரைத் தானேகூட வராது. போய்ப் படுங்க.”

காற்றைப் பொறுத்தவரை அம்மா சொன்னது சரி. நாங்கள் எல்லோரும் காற்றுக்குத்தான் காத்திருந்தோம். இது தண்ணீர்ப் புயல்.

புதுச்சேரியில் புயல் ராத்திரியை வீட்டுக்குள் கழித்ததற்கு நம்மிடம் உள்ள நல்ல பதிவு பாரதியார் எழுதியது. 1908-லிருந்து 1918 வரை இங்கே இருந்தவர். 1916 நவம்பர் 22-ஆம் தேதி ஊரைப் புரட்டிப்போட்ட புயலைப் பற்றிப் ‘புயற் காற்று’ என்று ஒரு பாட்டு எழுதினார். நள வருஷம், கார்த்திகை 8, புதன்கிழமை, இரவு ஒரு மணி என்று தலைப்பின் கீழேயே நேரமும் போட்டுவிட்டார். ஒரு கணவனும் மனைவியும் பேசிக்கொள்வதுதான் பாட்டு. ஊரே ஆடுகிறது, கணவன் தூங்குகிறான், மனைவி எழுப்புகிறாள். நல்லவேளையாக அவர்கள் முந்தின நாள்தான் வீடு மாறியிருக்கிறார்கள். மகாகவியாக இருந்தாலும் புயல் நேரத்தில் ஆம்பிளை தூங்கிக்கொண்டுதான் இருப்பான் என்பது அந்தப் பாட்டிலிருந்து நான் எடுத்துக்கொண்ட ஆறுதல்.

எங்கள் வீட்டிலும் சரியாக ஒரு மணி. விலாவில் முழங்கை.

“ஏங்க, ஹால்ல ஏதோ சத்தம்.”

பாரதியின் நாயகன் பராசக்தியை வேண்டினான். நான், “அம்மா முழிச்சிட்டாங்களா பாரு” என்றேன்.

செல் வெளிச்சத்தில் பார்த்தால், செருப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூடத்துக்குள் வந்துகொண்டிருந்தன. மனைவியின் செருப்பு முன்னால், என்னுடையது பின்னால், வழக்கம்போல. அவற்றை விரட்டிக்கொண்டு வந்தது தெருத் தண்ணீர்.

மாமனார் எழுந்து முண்டாசு கட்டிவிட்டார். “கதவிடுக்கை அடைக்கணும். துணி கொண்டாங்க.” மனைவி அம்மாவின் பழைய புடவை மூட்டையை இழுத்தாள். இதில் அரை மணி நேரம் போயிற்று. ஏனென்றால் ஒவ்வொரு புடவைக்கும் ஒரு வரலாறு இருந்தது. “அது உங்க மாமா பொங்கலுக்கு எடுத்தது, அது வேணாம். இது சீமந்தத்துக்கு வந்தது, வை கீழ. அது உங்கம்மா எடுத்துக் குடுத்தது...” என்று சொல்லி ஒரு கணம் யோசித்தார். “அதைப் போடு.” மனைவியின் முகத்தில் எந்த எண் கூண்டு ஏறியது என்று இருட்டில் சரியாகத் தெரியவில்லை. சம்பந்தி புடவை கதவிடுக்குக்குப் போனது. தண்ணீர் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. குளியலறைக் குழி வழியாக உள்ளே வந்துவிட்டது.

பீரோவுக்குச் செங்கல் வைத்தோம். சோபாவை டைனிங் டேபிள் மேல் ஏற்றினோம். இன்வெர்ட்டர் பேட்டரியைத் தூக்கும்போது என் இடுப்பில் ஒரு சத்தம் கேட்டது. பேட்டரி பிழைத்தது. மாமனார் கூடத்துத் தூணில் பென்சிலால் கோடு போட்டு, பட்டாளத்துக் கணக்கில் 0130 என்று எழுதினார். அரை மணிக்கொரு கோடு. “சுவத்துல கிறுக்காதீங்க சம்பந்தி, பொங்கலுக்குத்தான் பெயின்ட் அடிக்கப்போறோம்” என்றார் அம்மா. “சம்பந்தியம்மா, முற்றுகைன்னா குறிப்பு எழுதி வைக்கணும்.”

அப்போது போன் அடித்தது. பாரிஸிலிருந்து மச்சான். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது ஒரு விசேஷ வசதி. எங்கள் தெருவில் நடப்பது நாலரை மணி நேரம் பின்னால் இருக்கும் பாரிஸில்தான் முதலில் தெரியும். “மாமா, உங்க தெருவுல இடுப்பளவு தண்ணி நிக்குதாமே, வாட்ஸ்அப்ல பார்த்தேன். நீங்க கதவைத் தொறந்திடாதீங்க.” எங்களுக்கு இருட்டில் கதவே தெரியவில்லை. “அப்பா எப்படி இருக்காரு?” மாமனார் போனை வாங்கி, பிரெஞ்சில் ஏழெட்டு நிமிஷம் பேசினார். ‘வாய்க்கால்’ என்ற ஒரு சொல் மட்டும் தமிழில் திரும்பத் திரும்ப வந்தது. சாராம்சத்தை நானே ஊகித்தேன்: பிரெஞ்சுக்காரன் கோடு போட்ட மாதிரித் தெருவும் நடுவே பெரிய வாய்க்காலும் போட்டுவிட்டுப் போன ஊர், அவன் போடாத இடத்தில் என் மகளைக் கொடுத்துவிட்டேன்.

மூன்று மணிக்கு, எல்லோரும் இரண்டு கட்டில்களில் கால் தூக்கி உட்கார்ந்திருந்தபோது, அவர் 1761-ஐ ஆரம்பித்தார். பாண்டிச்சேரியை ஆங்கிலேயர்கள் கடலிலும் தரையிலும் முற்றுகை போட்டிருந்த சமயம். உள்ளே சாப்பிட ஒன்றுமில்லை. ஜனவரி முதல் தேதி ஒரு புயல் அடித்து, முற்றுகை போட்டிருந்த கப்பல்களைக் கவிழ்த்தது, கரையில் தூக்கி எறிந்தது. பிரெஞ்சுத் தளபதி லாலிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எதிரிக் கப்பற்படை தொலைந்தது, உடனே படகில் அரிசி அனுப்பு என்று பழவேற்காட்டில் இருந்த தன் ஆளுக்கு அவசரமாகக் கடிதம் எழுதினார். கடிதம் எதிரி கையில் சிக்கியது. சில நாட்களிலேயே மிச்சமிருந்த கப்பல்கள் வந்து மறுபடி நின்றுகொண்டன. அந்த மாதம் பாதியிலேயே ஊர் விழுந்தது. இருபத்தைந்து வருஷமாக ஊர் நடப்பைத் தினம் எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளை அதைப் பார்க்கவில்லை, நாலு நாள் முன்னால் கண்ணை மூடிவிட்டார்.

“அப்ப அந்தப் புயலு பிரெஞ்சுக்காரனுக்குத் தானே சாதகம்?” என்றான் பையன்.

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். ஆனால் அம்மா தூங்கிவிட்டிருந்தார்.

விடிந்தால் ஞாயிற்றுக்கிழமை. கரையைக் கடந்த புயல் நடையைக் கட்டியிருக்க வேண்டும் இல்லையா? கட்டவில்லை. வந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது. இதை மகள் விளக்கினாள். புயலுக்குச் சொந்தக் கால் கிடையாதாம். மேலடுக்குக் காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் போகும். அன்று தள்ளுகிற காற்றுக்குப் பலமில்லை. அதனால் புதுச்சேரிக்குப் பக்கத்திலேயே மணிக்கணக்காக அசையாமல் நின்று, கடலிலிருந்து தண்ணீரை மொண்டு மொண்டு எங்கள் தலையில் கொட்டியது. ஞாயிறு காலை எட்டரையோடு முடிந்த 24 மணி நேரத்தில் 46 சென்டிமீட்டருக்குக் குறையாத மழை. வருஷம் முழுக்க ஊரில் பெய்வதில் மூன்றில் ஒரு பங்கு. இதற்கு முன் 2004 அக்டோபரில் ஒரே நாளில் 21 பெய்ததைத்தான் பெரிதாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். தள்ள ஆளில்லாமல் நிற்கிற ஒன்று எவ்வளவு தொந்தரவு என்பது, எங்கள் ஸ்கூட்டரைப் பத்து வருஷமாகத் தள்ளிவரும் எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தூணில் கோடு 0800-க்குக் கணுக்காலைத் தாண்டி ஒரு சாண் ஏறியிருந்தது.

அடுத்த பிரச்சினை ஃபிரிட்ஜ். கரண்ட் இல்லாமல் உள்ளே ஒரு கிலோ கோழி, ஆறு துண்டு வஞ்சிரம், ஒரு டப்பா ஐஸ்கிரீம். ஐஸ்கிரீமைக் குழந்தைகள் காலை ஆகாரமாகக் குடித்தார்கள். கோழி விஷயத்தில் மாமனார் பட்டாளத்து முறைப்படி அடுப்படியைக் கைப்பற்றினார். முழங்காலுக்கு வேட்டியை மடித்துக்கட்டி, தண்ணீரில் நின்றுகொண்டு, மேடையில் இருந்த அடுப்பில் ரகூ வைத்தார். உருளைக்கிழங்கு, தக்காளி, பட்டை, கிராம்பு. வாசனை வந்தது. பசியில் அமிர்தமாக இருந்தது. அம்மாவும் இரண்டாம் முறை ஊற்றிக்கொண்டார். சாப்பிட்டு முடித்துக் கைகழுவ ஜன்னல் வழியாக மழையில் கையை நீட்டியபடி சொன்னார்: “கறிக்கொழம்புல தேங்கா போட மறந்துட்டா அதுக்குப் பேரு ரகூவாம்.”

பத்து மணி வாக்கில் பக்கத்துக் கிருஷ்ணா நகருக்கு ராணுவம் வந்துவிட்டது, படகில் ஆட்களை மீட்கிறார்கள் என்ற செய்தி மாடிக்கு மாடி கத்திக் கத்தி எங்களிடம் வந்தது. மாமனாரைக் காணோம். தேடினால், மாடி பால்கனியில் நனைந்துகொண்டு நிற்கிறார். தலையில் பெரே தொப்பி, சட்டையில் நாலு மெடல், இடுப்பில் மடித்துக்கட்டிய வேட்டி. பெட்டியில் மாற்றுச் சட்டை எடுத்துவர மறந்தவர் மெடலை மறக்கவில்லை. தெருமுனையில் ஒரு படகு திரும்பியபோது விறைப்பாக நின்று சல்யூட் வைத்தார். படகிலிருந்த இளைஞர்களில் ஒருவர் ஒரு கணம் குழம்பி, சல்யூட் வைத்துவிட்டு, கையை வாயருகே குவித்துக் கத்தினார்: “தாத்தா! உள்ள போங்க! ஜுரம் வந்துடும்!”

“ஜூனியர்” என்றார் மாமனார், உள்ளே வந்து தலையைத் துவட்டிக்கொண்டே.

மத்தியானத்துக்கு மேல் மழை குறைந்தது. புயல் வலுவிழந்துவிட்டதாகச் செய்தி வந்தது. அப்போதுதான் குருசுக்குப்பத்துப் பக்கத்துவீட்டம்மாவின் போன் கிடைத்தது. மாமனார் கவலையோடு விசாரித்தார். அங்கே ஒன்றுமில்லையாம். பெய்த தண்ணீரெல்லாம் நேராகக் கடலுக்குப் போய்விட்டதாம். “உங்க வாசல்ல போட்ட கோலமாவு டப்பாகூட அப்படியே இருக்கு சார். நீங்க எங்க போயிட்டீங்க?”

அவர் போனை வைத்தார். யாரையும் பார்க்கவில்லை. “பாதுகாப்பான எடத்துக்கு வந்திருக்கேன்” என்றார் பொதுவாக, தூணைப் பார்த்து.

செவ்வாய்க்கிழமை வீட்டுத் தண்ணீர் வடிந்தது. சேறு வடியவில்லை. அதைத் தள்ளித் தள்ளி நான் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கும்போது, ரேஷன் கார்டு ஒன்றுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று முதல்வர் ரங்கசாமி அறிவித்தது காதில் விழுந்தது. அம்மா அதில் என்னென்ன வாங்குவது என்று பட்டியல் போட்டார். கூட்டிப் பார்த்தால் 23,000 வந்தது. மாமனாருக்கு மாதாமாதம் யூரோவில் பென்ஷன் வருகிறது, ஆனால் ரேஷன் கார்டு கிடையாது. அது அவர் மனதை அறுத்தது. “தண்ணி என்ன பாஸ்போர்ட் பாத்தா உள்ள வந்துச்சி?” என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

இவ்வளவும் சிரிப்பாகச் சொல்ல முடிகிறது, எங்களுக்குப் போனது ஒரு சோபாவும் ஒரு இடுப்பும்தான் என்பதால். நாங்கள் சேறு தள்ளிக்கொண்டிருந்த அதே நாட்களில் சாத்தனூர் அணையில் நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிட்டு, தென்பெண்ணை பாகூர்ப் பக்கம் ஏறியது. வீடூர் அணைத் தண்ணீர் சங்கராபரணியில் வந்தது. அங்கே பயிரும் மாடும் போனவர்களிடம் போய் இந்தச் செருப்புக் கதையைச் சொன்னால் அந்தச் செருப்பாலேயே அடிப்பார்கள்.

தையும் நெருங்கியது. பெயின்டர் வந்தார். பாகூர்க்காரர். கூடத்தில் சுவரையெல்லாம் தேய்த்து முடித்து, தூணுக்கு வந்ததும் நின்றுவிட்டார். அதில் மாமனாரின் பென்சில் கோடுகள் வரிசையாக ஏறி இறங்கின. எல்லாவற்றுக்கும் மேலே, என் நெஞ்சளவு உயரத்தில், சாக்பீஸால் ஒரு கோடு. யார் போட்டது என்று விசாரித்ததில் அம்மா ஒப்புக்கொண்டார். “தானே மட்டும் அங்கியே நின்னிருந்தா அதுவரைக்கும் வந்திருக்கும்.”

“அடிச்சிடலாமா சார்?” என்றார் பெயின்டர்.

கூடாது என்று வீடு முதல்முறையாக ஒரே குரலில் சொன்னது. இருக்கட்டும், ஞாபகமாக இருக்கட்டும், பெயரையும் தேதியையும் மட்டும் அழகாக எழுதிவிடலாம் என்று முடிவாயிற்று. தேதியில் தகராறு இல்லை. பெயரில்தான். பையன் ஃபெங்கல் என்றான். மகள் ஃபெஞ்சல் என்றாள். அம்மா பெஞ்சலை விட்டு இறங்கவில்லை. பொங்கலுக்கென்று மறுபடி பெட்டியோடு வந்திருந்த மாமனார், அந்த எழுத்துகளைப் பிரெஞ்சில் முறையாகப் படித்தால் ‘ஃபாங்கால்’ என்றுதான் வரும், மற்றதெல்லாம் இலக்கணப்பிழை என்றார். மனைவி என்னைப் பார்த்தாள். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

பெயின்டர் பிரஷோடு கால் மணி நேரம் நின்றார். அப்புறம், “எங்க ஊருல இதுக்கு வேற ஒரு பேரு வச்சிருக்கோம் சார்” என்றார்.

என்ன என்று கேட்டோம். சொன்னார்.

அம்மா காதைப் பொத்திக்கொண்டார். மகள் பையனை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். மாமனார் மட்டும், இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லச் சொல்லி, பென்சிலைத் தேடினார்.